பலகைக்கு மேலே பனி

அத்தியாயம் 17

ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கினால் குழந்தை உதைக்கிறது. மோகனப்ரியா இதைக் கண்டுபிடித்துப் பதினைந்து நாளாகிறது.

சமையலறையில் கம்ப்ரெஸர் முனகும். வயிற்றின் இடப்பக்கம் ஒரு சின்னக் குதிகால் நகரும். கம்ப்ரெஸர் நின்றால் உள்ளேயும் அடங்கிவிடும். இரண்டும் ஏதோ பேசிவைத்துக்கொண்டது போலிருந்தது. ஏழாம் மாதத்துத் தூக்கக் கலக்கத்தில், அந்த முனகல் எங்கிருந்து வருகிறது, சமையலறையிலிருந்தா தன்னுள்ளிருந்தா என்றுகூடச் சில சமயம் அவளுக்குத் தெரியவில்லை.

கொள்ளேகாலத்து மஞ்சள் காட்டுக் குடும்பத்துப் பெண் அவள். மைசூர் அக்ரஹாரத்தில், மேல்கோட்டை வழிவந்த வைணவ வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டு வருடம். கல்யாணத்துக்கு இந்த வீட்டார் சம்மதிக்க ஒரு வருடம் நடந்த சண்டையையும், அது முடிந்த விதத்தையும் முன்பே பார்த்தோம். இப்போது பிரச்சினை சர்க்கரை. கர்ப்ப காலத்துச் சர்க்கரை. மூன்று வேளையும் இன்சுலின் ஊசி.

முதலில் கட்டுக்குள் இருந்தது. பத்து நாளாக ஏறிக்கொண்டே போகிறது. டாக்டர் சுசித்ரா ஊசியின் அளவை இரண்டு முறை கூட்டிவிட்டார். "வியாழக்கிழமை வரை பார்ப்பேன். இறங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவேன்" என்றிருந்தார்.

இன்று வியாழக்கிழமை.

"எவ்வளவு?" என்றான் கணவன் ஸாரங்க், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே. ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"நூத்தி நாப்பத்தெட்டு."

"வெறும் வயித்துலயா?"

"ம்."

அவன் நிமிர்ந்தான். "ப்ரியா, உண்மையைச் சொல்லு. நான் திட்ட மாட்டேன். ஏதாவது சாப்பிடறயா?"

"என்ன சாப்பிடறேன்?"

"உன் மேஜை டிராயர்ல மைசூர்பாக் டப்பா இருந்தது."

"உங்க கஸின் கிரகப்பிரவேசத்துல குடுத்ததுங்க. பக்கத்து வீட்டுக்குக் குடுக்கணும்னு எடுத்து வச்சேன், மறந்துட்டேன். எண்ணிப் பாருங்க, அப்படியே இருக்கும்."

"எண்ணிப் பார்த்தேன். ரெண்டு குறையறது."

"அந்த ரெண்டை நீங்கதான் அன்னிக்கு டிவி பார்த்துட்டே சாப்பிட்டீங்க."

ஸாரங்க் கொஞ்ச நேரம் மற்ற ஷூவைக் கட்டினான்.

"சரி, சும்மா ஆர்க்யூ வேண்டாம். நேத்து உங்கம்மாவுக்கு போன் பண்ணிட்டேன். இன்னிக்கு சாயங்காலம் வரா. பிரசவம் வரைக்கும் கொள்ளேகால்ல இரு. அங்க உன்னைப் பார்த்துக்க ஆள் இருக்கு. இங்க அம்மா ஒருத்தியால முடியல."

"எங்கம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"இருக்கிறதைச் சொன்னேன். டயட் கன்ட்ரோல் இல்லேன்னு."

சமையலறையிலிருந்து மாமியார் வத்ஸலாவின் குரல் வந்தது. மருமகளைப் பார்த்துப் பேசவில்லை. மிக்ஸியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நாக்கைக் கட்டத் தெரியலேன்னா ஊசி என்ன பண்ணும், பாவம்."

பஸ் வந்துவிட்டது. ஸாரங்க் போய்விட்டான்.

கொள்ளேகாலம் போவதில் மோகனப்ரியாவுக்கு ஒன்றும் வருத்தமில்லை. அம்மா வீடுதானே. ஆனால் ஒளித்துத் தின்றவளாகப் போவதா? இந்த வீட்டுக்குள் வர அவள் ஒரு வருடம் காத்திருந்தாள். குழந்தையோடு திரும்பி வரும்போது, 'நாக்கைக் கட்டத் தெரியாதவள்' என்ற பெயர் அவளுக்கு முன்னால் வாசலில் உட்கார்ந்திருக்கும்.

அவள் எதையும் தின்னவில்லை. அது அவளுக்குத் தெரியும். அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

*

பத்து மணிக்கு வேலை. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைதான். வீட்டுச் சாதனங்கள் விற்கும் கம்பெனி ஒன்றுக்காக, கன்னடத்திலும் தமிழிலும் வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். காதில் ஹெட்போனை மாட்டியதும் ஊர்கள் வரத் தொடங்கும். ஹாசனில் ஒருவருக்கு ஃப்ரிட்ஜ் அடியில் தண்ணீர் தேங்குகிறது. ஹோசூரில் ஒரு வீட்டில் இரவெல்லாம் கடகடவென்று சத்தம். மோகனப்ரியா கண்ணை மூடிக்கொண்டே பதில் சொல்வாள். பார்த்தேயிராத சமையலறைகள் ஒவ்வொன்றாக இமைக்குள் வந்து நிற்கும். எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக் கதவு, கதவைத் திறந்தால் ஒரு மஞ்சள் விளக்கு.

"பின்னாடி தண்ணி போற ஓட்டை அடைச்சிருக்கும் சார். ஒரு மெல்லிசு குச்சியில துணியைச் சுத்தி மெதுவா குத்தி விடுங்க."

"நாலு காலும் சமமா நிக்குதாம்மா? சுவத்துல இடிச்சுட்டு இருந்தா சத்தம் வரும். கொஞ்சம் முன்னாடி இழுத்து விடுங்க."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வத்ஸலா குடையோடு கோயில் பாராயணத்துக்குக் கிளம்பிப் போனாள். வீடு இன்னும் அமைதியாயிற்று. சன்னல் வழியே வந்த வெளிச்சம் நீரில் கரைத்த பால் போலிருந்தது. தானே ஒரு பெரிய வெள்ளைப் பெட்டிக்குள் சுருண்டு படுத்திருப்பதாகவும், யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பதாகவும் பாதித் தூக்கத்தில் தோன்றியது. பயமாக இல்லை. குளிராகவும் இல்லை.

காதில் மணி அடித்தது.

"அலோ, பெட்டி ரிப்பேரு ஆபீஸுங்களா? நான் சாமராஜநகர்லருந்து மல்லம்மா பேசறனுங்க. பூ யாவாரம்."

ஊர்ப் பேச்சு. மோகனப்ரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்கக்கா."

"பெட்டிக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுங்க. மேல வச்ச பூவெல்லாம் கண்ணாடி மாதிரி வெறச்சுப் போவுது. கீழ வச்சது அழுவிப் போவுது. ஒரே பெட்டிதானுங்களே, அதுக்கு ரெண்டு புத்தியா?"

"கதவு சரியா மூடுதாங்கக்கா? ஒரு காகிதத்தைக் கதவு இடுக்குல வச்சு மூடிட்டு இழுத்துப் பாருங்க. லேசா வந்துச்சுன்னா ரப்பர் போயிருச்சுன்னு அர்த்தம்."

மல்லம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "வரலைங்க. கிழிஞ்சுதான் வந்துச்சு."

"அப்ப ரப்பர் நல்லாருக்கு. உள்ள திருகு ஒண்ணு இருக்குமே, நம்பர் போட்டு. எதுல இருக்கு?"

"ஏழுல. கீழ குளிரலைன்னு நாந்தான் திருப்பி வச்சேன்."

"நடுவுல ஏதாவது பரப்பி வச்சிருக்கீங்களா?"

"கம்பித் தட்டு வழியா பூ உதுருதுன்னு பிளாஸ்டிக் தாள் விரிச்சிருக்கறன். மூலைக்கு மூலை."

மோகனப்ரியா நூறு பேருக்குச் சொன்னதையே சொன்னாள்.

"அதை எடுத்துருங்கக்கா. குளிர் மேல இருந்துதான் எறங்கி வரணும். வழியை அடைச்சிட்டா கீழ வராது. மேலயே தேங்கி நின்னு எல்லாத்தையும் உறைய வச்சிரும். நீங்க திருகைக் கூட்டக் கூட்ட மேலதான் இன்னும்…"

அவள் நிறுத்தினாள்.

"அலோ? அம்மிணி? லைன்ல இருக்கியா?"

"இருக்கேங்கக்கா" என்றாள் மோகனப்ரியா. கண் சமையலறைப் பக்கம் போயிருந்தது.

*

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கல்யாணமான மூன்றாம் நாள் வத்ஸலா தச்சனைக் கூப்பிட்டு ஃப்ரிட்ஜுக்கு அளவெடுத்து ஒரு பலகை அறுக்கச் சொன்னாள். அதை நடுத் தட்டின் மேல் போட்டாள். பலகைக்கு மேலே தீட்டுப் படாத மடி: பெருமாளுக்கு அமுது செய்யப் பால், தயிர், வெண்ணெய், துளசி. கீழே பத்து: மீந்த சாதம், குழம்பு, கடையில் வாங்கிய ரொட்டி. பத்து, அதாவது சமைத்ததன் தீட்டு, மேலே ஏறக் கூடாது. ஒன்றை ஒன்று தொடக் கூடாது. மேல் பாதியை வத்ஸலாவைத் தவிர யாரும் தொடக் கூடாது.

யாரை மனதில் வைத்து அந்தப் பலகை என்று யாரும் சொல்லவில்லை. மோகனப்ரியாவும் கேட்கவில்லை.

போன மாத மழையில் பழைய பலகை ஊறி வளைந்துவிட்டது. வத்ஸலா புதிதாக ஒன்று செய்து போட்டாள். பழையதற்கு ஓரத்தில் விரலளவு சந்து இருந்தது. இது விளிம்போடு விளிம்பு சேர்ந்து கச்சிதமாக உட்கார்ந்தது.

அதன் பிறகுதான் மத்தியானச் சாதம் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகத் தொடங்கியது. "பெட்டிக்கு வயசாயிடுத்து" என்றாள் வத்ஸலா. "டெலிவரி ஆகட்டும், புதுசு வாங்கலாம்" என்றான் ஸாரங்க். நாளெல்லாம் ஊரார் ஃப்ரிட்ஜுக்கு வைத்தியம் சொல்கிறவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடமாக அவள் அதை அவமானமாகப் பார்த்தாளே தவிர, ஒரு பலகையாகப் பார்க்கவில்லை.

இப்போது கதவைத் திறந்தாள். திருகு ஏழில் நின்றது.

கீழ்த் தட்டில் கை வைத்தாள். வீட்டுக்குள் இருக்கிற அதே சூடு. கதவோரத்தில் தன் மருந்து வைக்கும் இடத்தைப் பார்த்தாள். காலியாக இருந்தது.

அவள் அந்த இடத்தைப் பார்த்தே நாளாயிற்று. குனிய முடியாதவளுக்கு எதற்குச் சிரமம் என்று வத்ஸலாதான் வேளா வேளைக்கு மருந்தை எடுத்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். ஒரு வார்த்தை பேசாமல் வைப்பாள். வைத்துவிட்டுத் திரும்பி, சுவரிடம் நாக்கைப் பற்றி ஏதாவது சொல்வாள்.

மேலே பார்த்தாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பலகைக்கு மேலே கை நீட்டினாள். விரல் நுனி கூசியது.

பால் பாத்திரத்தின் மேல் மெல்லிய பனி ஏடு. துளசி கறுத்து மொடமொடவென்றிருந்தது. பாத்திரத்துக்குப் பின்னால், உறைபெட்டியை ஒட்டி, மிகக் குளிரான மூலையில், ஒரு சின்ன வெள்ளித் தட்டு. பெருமாள் பாத்திரங்களில் ஒன்று. அதன் மேல் அவளுடைய இன்சுலின் குப்பி.

எடுத்து ஆட்டினாள். உள்ளே எதுவும் அசையவில்லை.

கம்ப்ரெஸர் ஓடத் தொடங்கியது. குழந்தை உதைத்தது. மோகனப்ரியா குப்பியோடு அப்படியே நின்றாள். திறந்த கதவின் குளிர் அவள் பாதத்தில் புகையாக விழுந்துகொண்டிருந்தது.

*

வத்ஸலா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது பன்னிரண்டரை. சாப்பாட்டு மேஜையில் குப்பி. பக்கத்தில் மருந்தோடு வந்த காகிதம், விரித்தபடி.

"மேல் தட்டைத் தொட்டயா?" என்றாள் வத்ஸலா.

"தொட்டேன் அத்தை. இதை அங்க வச்சது யாரு?"

"நான்தான்."

"எப்ப?"

"பத்துப் பன்னண்டு நாள் இருக்கும். கீழே சாதம் ஊசிப்போறது. மருந்தும் கெட்டுப்போயிடுமோன்னு மேலே வச்சேன். எல்லாத்துக்கும் குளிரான இடமாப் பார்த்துதான் வச்சேன். காலம்பற எடுக்கறச்சே சில நாள் கல்லா இருக்கும். வெளியே வச்சுக் கரைஞ்சப்புறம் உனக்குக் கொண்டு வருவேன்." மருமகளின் முகத்தைப் பார்த்தாள். "என்ன, அப்படிப் பார்க்கறே? மருந்துக்குப் பத்து கிடையாது. நான் யோசிச்சுட்டுத்தான் வச்சேன்."

மோகனப்ரியாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. தனக்கு எதிராகப் போட்ட பலகை என்றல்லவா நினைத்திருந்தாள். பலகை போட்டவளே, யாருக்கும் சொல்லாமல், பெருமாளின் பாலை நகர்த்தி அவள் மருந்துக்கு இடம் செய்திருக்கிறாள்.

அந்த இடம்தான் மருந்தைக் கொன்றுவிட்டது.

"அத்தை, உக்காருங்க."

"ஏன்?"

"உக்காருங்களேன். இந்த மருந்து குளிர்ல இருக்கணும். ஆனா உறையக் கூடாது. ஒரு தடவை உறைஞ்சாலே போச்சு. கரைஞ்சப்புறம் பார்க்க அப்படியேதான் இருக்கும். வேலை செய்யாது."

வத்ஸலா காகிதத்தை எடுத்தாள். எழுத்து மிகச் சின்னது. கண்ணாடியைத் தேடவில்லை. படிக்கிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

"பத்து நாளாவா?"

"ம்."

"நீ ஒண்ணும் திங்கல."

"இல்லைங்க அத்தை."

வத்ஸலா அந்தக் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே, மெதுவாக, ஒவ்வொன்றாக மடித்தாள்.

"கொழந்தைக்கு?" என்றாள்.

மோகனப்ரியா டாக்டருக்கு போன் செய்தாள். சுசித்ரா குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார். பழைய குப்பியைத் தூக்கி எறியச் சொன்னார். உடனே புதியது வாங்க வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: கூட்டிய அளவு வேண்டாம், முதலில் கொடுத்த அளவுதான். செத்த மருந்தை நம்பிக் கூட்டிய அளவில் உயிருள்ள மருந்தைப் போட்டால் சர்க்கரை படுபாதாளத்துக்கு இறங்கி மயக்கம் போட்டுவிடும். குழந்தை அசைகிறதா என்று கேட்டார். அசைகிறது. அப்படியானால் இன்று சேர்க்க வேண்டாம். நாளைக் காலை ஸ்கேன். பத்து நாள் ஏறியிருந்த சர்க்கரை உள்ளே என்ன செய்திருக்கிறது என்று அதில்தான் தெரியும்.

போனை வைத்தபோது வத்ஸலா ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இந்தப் பலகைதானா?"

"ஆமாங்க அத்தை. குளிர் கீழ எறங்க வழியில்லை. இதை எடுத்துட்டு வெறும் கம்பித் தட்டு மட்டும் இருந்தாப் போதும். காத்து போகும். திருகை மூணுல வச்சிரலாம்."

"கம்பின்னா கீழ இருக்கிறது மேலே படுமே."

"காத்துதான் படும்."

"காத்துக்குப் பத்து இல்லையாக்கும்?"

"மருந்துக்கு இல்லேன்னு நீங்கதானே சொன்னீங்க. காத்தையும் அதோட சேர்த்துக்குங்களேன்."

வத்ஸலா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பலகையின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். இறுகியிருந்தது. இன்னும் இழுத்தாள். மோகனப்ரியா கை கொடுக்க வந்தாள்.

"நீ தள்ளு. வயித்தோட குனியாதே."

பலகை ஒரு முனகலோடு வெளியே வந்தது. அதைக் கொல்லைப்புறம் கொண்டு வைத்துவிட்டு, வத்ஸலா மறுபடி குடையை எடுத்தாள்.

"எங்க அத்தை, இந்த மழைல? கடைப் பையன் கொண்டு வந்து குடுப்பான்."

"அவன் வழியிலே எங்கே வைக்கறானோ, என்ன பண்றானோ" என்றாள் வத்ஸலா. போய்விட்டாள்.

முக்கால் மணி கழித்து நனைந்து திரும்பினாள். இடுப்பில் செருகியிருந்த பையிலிருந்து புதுக் குப்பியை எடுத்தாள். "ஐஸ் வச்சுக் குடுத்தான். மருந்து ஐஸ் மேலே படலையேன்னு மூணு தரம் கேட்டேன். நாலாவது தரம் கேக்கறச்சே கோவிச்சுண்டான்."

மோகனப்ரியா பழைய அளவையே போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். சாப்பிட்டபின் சரியாக இரண்டு மணி நேரம் அவளைத் தூங்க விட்டு, வத்ஸலா வந்து எழுப்பினாள். விரல் நுனியில் ஒரு சொட்டு. இருவரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார்கள். எண் வருவதற்குள் ஐந்து நொடி. மழை வெளிச்சத்தில் அந்த ஐந்து நொடியும் ஒரு ஊரைக் கடப்பது போல நீண்டது.

நூற்று இருபத்தாறு.

"கொறைஞ்சிருக்கோ?"

"நேத்து இதே நேரம் இருநூத்திப் பத்துங்க."

வத்ஸலா தலையை ஆட்டினாள். வேறெங்கோ பார்த்தாள். வாசல் மணி அடித்தது.

அம்மா. கொள்ளேகாலம் பஸ் வந்துவிட்டது.

மோகனப்ரியா அவசரமாக மாமியாரின் முழங்கையைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அத்தை, மருந்தை நானே மாத்தி வச்சுட்டேன்னு சொல்லிக்கறேன். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை இங்க ஒரு நிமிஷம் விட மாட்டாங்க. அவருகிட்டயும் அப்படியே சொல்லிரலாம்."

வத்ஸலா கையை விடுவித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

அம்மா மாதேவி வாசலில் நின்றாள். புடவை முழங்கால் வரை ஈரம். ஒரு கையில் பை, மறு கையில் செருப்பு. படி ஏறவில்லை.

"உள்ளார வரலைங்க. புள்ள துணிமணியை எடுத்து வையுங்க, கூட்டிட்டுப் போறேன். எம்புள்ள திருடித் தின்னான்னு உங்க மகன் போன்ல சொல்றாரு. இருபத்தஞ்சு வருசம் வளத்தவளுக்கு அதைக் கேக்கணும்னு தலையெழுத்து."

"உங்க பொண்ணு ஒண்ணும் திங்கல" என்றாள் வத்ஸலா.

"பொறவு?"

"மருந்தை நான் கெடுத்தேன். தெரியாமத்தான் பண்ணேன். ஆனா பண்ணது நான். பண்ணிட்டு, அவளைப் பத்து நாள் பேசவும் பேசினேன்."

மோகனப்ரியா கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் கோபம் அவளுக்குத் தெரியும். அது சத்தமாக வராது.

மாதேவி மகளைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். மறுபடி வத்ஸலாவைப் பார்த்தாள்.

"வயித்துப் புள்ளைக்கு?"

"நாளைக்கு ஸ்கேன். அப்பத்தான் தெரியும்."

மாதேவி செருப்பை ஓரமாக, சோடியாக, சுவரோரம் வைத்தாள். பையைப் படியேற்றி வாசற்படிக்கு உட்புறமாக வைத்தாள்.

"அப்படின்னா புள்ளைய நான் கூட்டிட்டுப் போகலைங்க சம்பந்தி" என்றாள். "இப்பக் கூட்டிட்டுப் போனா தப்பு அவ மேலதான்னு ஆயிரும், அவ இந்த வீட்டுலயே இருக்கட்டும். பொறப்பு முடியற வரைக்கும் நானும் இங்கதான் இருக்கப் போறேன்."

வத்ஸலா அந்தப் பையைப் பார்த்தாள். அவள் கதவை விட்டு நகரவில்லை. மூடவும் இல்லை.